காசிநாதனின் உயிர்ப்பாட்டுகள்

காசிநாதன் ஒரே ஒரு பாட்டைச் சொல்லிப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பிடித்துவிட்டானாம். ஜாம்பியாவில், லுசாக்கா பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில், என்னோடு வேலை பார்த்த தேவசகாயம்தான் இதை என்னிடம் சொன்னார். அவருக்குச் சொன்னவர் காஞ்சிபுரத்தில் இருக்கும் அவருடைய மைத்துனர். மைத்துனருக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

"ஒரு குந்துமணி தங்கம் கேக்கலியாம்பா. ஒனக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு சொல்லு, ஏன் பிடிக்குதுன்னு சொல்லு, அது போதும்னாராம் சம்பந்தி. நம்மாளு நின்ன எடத்துல சொன்னானாம். சம்பந்தி கண்ணுல தண்ணியாம்."

"எந்தப் பாட்டாம்?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்? பட்டுக்கடை காசிநாதன்னதும் ஒனக்குச் சொல்லணும்னு தோணுச்சு."

காசிநாதனைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்பமாட்டார்கள். நான் நம்பினேன். எதையும் விற்றுவிடக்கூடியவன் அவன். சம்பந்தியின் கண்ணீர் மட்டும்தான் எனக்கு உறுத்தியது. அந்த மனிதருக்காகப் பரிதாபப்பட்டேன்.

அவன் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துத் தாமல்காரன். ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம் வைத்திருந்த குடும்பத்தில் மூன்றாவது பிள்ளை. நிலம் மூன்று பங்கு தாங்காது என்று டவுனுக்கு அனுப்பப்பட்டவன், காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் தண்ணீர் எடுத்து வைக்கிற வேலையில் சேர்ந்து, புடவை எடுத்துப் போடுகிற ஆளாக உயர்ந்தான். உயர்ந்தான் என்ற சொல்லை அவனுக்காகப் போடுகிறேன். வெள்ளை விரிப்பின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மீசை வைத்த ஆண்பிள்ளை, அரக்குப் புடவையைத் தன் தோளிலேயே போட்டு முந்தானையை விசிறிக் காட்டுவதற்குப் பெயர் உயர்வு என்றால், அவன் உயர்ந்தவன்தான்.

அவன் தொழில் கண்ணில்தான் இருந்தது. வந்தவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் யார் கையில் முடிவு இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவான். பெண்ணா, பெண்ணின் அத்தையா, வாசலில் வெற்றிலை மெல்லுகிற தாய்மாமனா என்று பார்ப்பான். பிறகு அந்த ஒரு முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்கமாட்டான். நல்ல புடவையை முதலில் எடுக்கவே கூடாது என்பது அந்தக் கடைகளின் வழக்கம். வேண்டாம் என்று தள்ளுவதற்காகவே முதலில் ஒன்று, இரண்டு மங்கலானதைப் போடவேண்டும். தள்ளித் தள்ளி மனசு காய்ந்திருக்கும்போது மூன்றாவதை உதறவேண்டும். உதறிவிட்டுக் குரலைத் தாழ்த்தவேண்டும். "இது உங்களுக்குன்னே நெய்ஞ்ச மாதிரி இருக்குதும்மா. என் தங்கச்சி கல்யாணத்துக்கு இதே கலர்தான் எடுத்தோம்." அவனுக்குத் தங்கையே கிடையாது.

இதெல்லாம் வியாபாரம் என்று விட்டுவிடலாம். ஆனால் அவன் எங்கள் மன்றத்துக்கும் வந்தான்.

சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் எங்களுக்கு ஒரு தமிழ்ச்சுவை மன்றம் இருந்தது. நான் செயலாளர். மாதத்துக்கு ஒரு கூட்டம், ஒரு சிறப்பு விருந்தினர், ஒரு சோடா. 'என் பாட்டு' என்று ஒரு நிகழ்ச்சி வைத்திருந்தோம். உறுப்பினர் ஒருவர் எழுந்து தனக்கு மிகவும் பிடித்த பாட்டு ஒன்றைச் சொல்லி, அது ஏன் பிடிக்கிறது என்று பேசவேண்டும். வாரிசு உரிமை மாதிரி ஆளுக்கு ஒரு பாட்டை வைத்துக்கொண்டு, முறை வரும்போதெல்லாம் அதையே திருப்பிச் சொல்கிற ஆட்கள் நாங்கள். சலிப்பாக இருக்கும். ஆனால் அதில் ஒரு மானம் இருந்தது.

காசிநாதன் வந்தான், மானம் போயிற்று. கோயில் தர்மகர்த்தா விருந்தினராக வந்த மாதம், பெருமாளைப் பற்றிய பாட்டு ஒன்றை நெக்குருகிச் சொல்லி, "இதுதாங்க என் உயிர்" என்று முடித்தான். அடுத்த கூட்டத்துக்குக் கடவுள் இல்லை என்கிற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். சாமியைக் கேலி செய்கிற பாட்டு ஒன்றைச் சொன்னான். அதுவும் உயிர். தாயைப் பறிகொடுத்த டாக்டர் வந்தபோது தாய்ப் பாட்டு. ஆட்சி மாறிய வருஷம் புதுசாகப் பதவிக்கு வந்த உள்ளூர்ப் பிரமுகர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தோம். அன்றைக்கு அவன் நாக்கில் புரண்ட தமிழில் பாதி அவனுக்கே புரிந்திருக்காது. விருந்தினர்களுக்கெல்லாம் அவனைத்தான் பிடித்தது. தெரியாத ஊரில் வந்து தன் மனசில் இருப்பதையே ஒருத்தன் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது?

மன்றத்தில் கலியன் என்று ஒரு வாயாடி இருந்தான். "ஏழு கடலுக்கு அப்பால கிளிகிட்ட உயிர வச்சிருந்த அரக்கனே ஒரு உயிரோட நிறுத்திக்கினான்பா. நம்ம காசிக்கு அலமாரி நெறைய இருக்குது" என்பான். காசிநாதனும் சேர்ந்து சிரிப்பான். சிரிக்கவேண்டிய முகம் எது என்று அதற்குள் பார்த்திருப்பான்.

ஒருநாள் நான் கேட்டேவிட்டேன். "டேய், ஒனக்குன்னு ஒரு பாட்டு இருக்குதா இல்லையாடா?"

"வாத்தியாரே, கடையில எனக்குப் பிடிச்ச கலர் எதுன்னு எப்பவாச்சும் கேட்டிருக்கியா? எனக்குப் பிடிச்சத வாங்கறதுக்கு யார்னா ஆரணிலேருந்து வண்டி கட்டிக்கினு வருவாங்களா?"

இப்படிப் பதில் சொல்கிறவனோடு என்ன பேசுவது? அதற்கப்புறம் நான் ஜாம்பியாவுக்குப் போனேன். அவனை மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

எழுபத்து மூன்றில் லீவுக்கு வந்தேன். போய் வருகிறவனுக்கு ஊர் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைநழுவும். யாரைப் பற்றி விசாரித்தால் "அவரு போயிட்டாரே, தெரியாதா?" என்பார்களோ என்று பயந்து பயந்துதான் பெயர்களை எடுக்கவேண்டியிருக்கும். மன்றம் இருந்த மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வந்திருந்தது. கீழேயிருந்து கேட்டால் குட்டித் தறிகள் ஓடுகிற மாதிரி இருந்தது. நேராகப் பட்டுக்கடைக்குப் போனேன். அவன் மட்டும் அதே விரிப்பில், அதே சம்மணத்தில், தோளில் ஒரு மயில்கழுத்துப் புடவையோடு உட்கார்ந்திருந்தான்.

"வா வாத்தியாரே! ஆப்பிரிக்காவுல வெயில் அதிகமா? கறுத்துட்டே. நல்லாத்தான் இருக்குது, ஒனக்கு அந்தக் கலர் எடுக்குது."

"பொண்ணு கல்யாணம் முடிவாயிடுச்சாமே. எந்தப் பாட்டுடா சொன்னே?"

அவன் புடவையை மடிக்க ஆரம்பித்தான். "இன்னும் சொல்லல."

"லுசாக்கா வரைக்கும் வந்துடுச்சு சேதி."

"நடக்கப்போறதத்தானே சொல்லிவச்சேன்? ரெண்டு பேரு நடந்துடுச்சுன்னு சொன்னாதான் மூணாவது ஆளு நடத்துவான்."

சம்பந்தியின் கண்ணீர் வரைக்கும் அவனே முன்கூட்டி நெய்து அனுப்பியிருக்கிறான்!

நடந்தது இவ்வளவுதான். அவன் மகள் ரேணுகாம்பாள் அந்த இன்ஸ்டிடியூட்டில் டைப் கற்றுக்கொண்டாள். தென்னேரியிலிருந்து வந்து கற்றுக்கொண்ட குமாரவேலுக்கும் அவளுக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போய்விட்டது. பையனுக்குக் கூட்டுறவு சங்கத்தில் வேலையும் கிடைத்துவிட்டது. அவனுடைய அப்பா ஆதிகேசவன், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஊரில் புலவர் என்றுதான் சொல்வார்கள். பெண்ணைப் பார்த்தார், சம்மதம். பெண்ணின் அப்பாவைப் பற்றி விசாரித்தார். அங்கேதான் சிக்கல். காசிநாதனுக்குப் பிடித்த பாட்டு எது என்று பழைய மன்றத்து ஆட்களிடம் கேட்டிருக்கிறார். ஆளுக்கு ஒரு பாட்டைச் சொல்லியிருக்கிறார்கள். "ஆளுக்கு ஆள் உயிரை மாத்துற வீட்ல எப்படிப் பொண்ணு எடுக்கறது?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பவுன் வேண்டாம், சீர் வேண்டாம். ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து தன்னுடைய ஒரு பாட்டைச் சொல்லட்டும். அது அவனுடையதுதான் என்று தோன்றினால் கல்யாணம். இல்லையென்றால் பையன் மனசை மாற்றிக்கொள்வான். குமாரவேல் அப்பா சொல்லைத் தட்டுகிற பிள்ளை இல்லையாம்.

என் ஆயுளில் அதற்குமுன் பார்த்திராத அந்தப் புலவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

பிள்ளையார்பாளையத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி சம்பூர்ணம் காபி கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். பேசியது பெண்தான்.

"மாமா, நீங்களும் கூடப் போங்க. அப்பா ஓவராப் பேச ஆரம்பிச்சா இருமுங்க."

"சும்மா இரும்மா. ஒங்கப்பன் வித்து முடியாத சரக்கு இருக்குதா?" என்றான் அவன்.

"நான் சரக்கு இல்லப்பா." அவள் கோபமாகச் சொல்லவில்லை. விரல் நகத்தில் ஒட்டியிருந்த ரிப்பன் மையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "எனக்கு அவரைப் பிடிச்சிருக்குது மாமா. ஏன்னு கேட்டா என்னாலயும் சொல்லத் தெரியாது. நல்லவேளை, என்னைக் கேக்கல."

அவன் குறித்துவைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத் வழியாகத் தென்னேரிக்கு பஸ்ஸில் போகும்போது காசிநாதன் தன் திட்டத்தை விரித்தான். ஆள் விட்டு விசாரித்திருக்கிறான். புலவருக்கு வாய்மை என்றால் உருக்கமாம். வாய்மையைப் பற்றி நீளமாக ஒரு பாட்டைப் பிடித்து நெட்டுருப் போட்டிருந்தான். ஆனால் எடுத்த எடுப்பில் அதைச் சொல்லமாட்டான். தள்ளுவதற்கு முதலில் ஏதோ ஒன்று, அதற்கப்புறம் சுமாராக ஒன்று, மூன்றாவதாக வாய்மை.

"அவரு ஒரு பாட்டுதானேடா கேட்டாரு?"

"ஒண்ணே ஒண்ண எடுத்துப் போட்டா எவன் வாங்குவான் வாத்தியாரே?"

பெண்ணின் வாழ்க்கையைத் தீர்க்கப்போகிற இடத்துக்கும் அவன் கடையைக் கட்டி எடுத்துக்கொண்டுதான் போனான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புலவர் ஒல்லியாக, கழுத்தில் துண்டோடு, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி லோகாம்பாள் எங்களுக்கு மோர் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவோரம் நின்றுகொண்டாள். பையன் வீட்டில் இல்லை.

"சொல்லும்" என்றார் புலவர். பாடம் ஒப்பிக்க நிற்கிற பையனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

காசிநாதன் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். "ஐயா, மொதல்ல இது ஒண்ணு. பெரிய பாட்டெல்லாம் இல்லீங்க. தாமல்ல கரைமேல சும்மா பாடிக்கினு இருப்பாங்க." மடித்து வைக்கப்போகிற புடவையைப் பாதி பிரித்துக் காட்டுவதுபோல, ராகம்கூடப் போடாமல் சொன்னான்:

"ஏரி நெறஞ்சா ஊரே கரைமேலே,
ஏ அழகு ஏ அழகுன்னு நிக்குது.
ஏரி காஞ்சா எவன்டா கரைமேலே?
எருமை ஒண்ணு நிக்குது, அதுவும் மறந்துபோயி."

மூச்சுவிடாமல், "அடுத்தது பாருங்க ஐயா" என்றான்.

"நில்லும்."

"இல்லீங்க, இது சும்மா. மூணாவதா ஒண்ணு வச்சிருக்கேன், அசந்துபோயிடுவீங்க."

"அதை அப்படியே மடிச்சு வையும். இதை இன்னொரு தரம் சொல்லும்."

கடைக்கு எப்போதாவது இப்படி ஒரு ஆள் வருவதுண்டு. வயலிலிருந்து நேராக வந்த மாதிரி இருப்பார். முதலில் போட்ட மங்கல் புடவையைக் கையில் எடுத்து, இதுதான் வேண்டும் என்பார். மற்றதைக் காட்டவே விடமாட்டார். அப்போதெல்லாம் காசிநாதனின் முகம் போகிற போக்கை நான் பார்த்திருக்கிறேன். இப்போதும் அப்படித்தான் போயிற்று. பாட்டைத் திரும்பச் சொன்னான்.

புலவர் தனக்குள் பேசுவதுபோல் பேசினார். "எருமைக்கு விசுவாசம், நன்றி, அப்படி ஏதாவது ஒரு பட்டம் கட்டியிருந்தா பாட்டு அங்கேயே செத்துப்போயிருக்கும். ஊரைத் திட்டப் போறான், எருமையைப் புகழப் போறான்னு நம்மளைக் கூட்டிக்கிட்டுப் போய், கடைசியில அதுவும் மறந்துபோயின்னு விட்டுட்டான் பாரும். பொல்லாதவன்."

"அதேதாங்க ஐயா!" காசிநாதன் முன்னால் நகர்ந்தான். "நானும் அதத்தான் சொல்ல வந்தேன். அந்தக் கடைசி வரி இருக்குதுங்களே—"

"சீ, நிறுத்தும். அது என் காரணம். உம்ம காரணத்தைச் சொல்லும்." சொல்லிவிட்டுப் புலவர் ஒரு வேலை செய்தார். எழுந்து, சாய்வு நாற்காலியைத் திருப்பி, சுவரைப் பார்க்கப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். "என் முகத்தைப் பார்க்காம சொல்லும்."

அந்தக் காட்சியை நான் ரசித்தேன். இதைவிட நல்ல தண்டனையை யாரும் அவனுக்குக் கொடுத்திருக்க முடியாது. அவன் கதவுப் பக்கம் பார்த்தான். லோகாம்பாள் உள்ளே நகர்ந்துவிட்டாள். என்னைப் பார்த்தான். நான் மோர்த் தம்ளரைப் பார்த்தேன். பார்ப்பதற்கு முகமே இல்லாத அறையில் காசிநாதன் கையை விரிப்பில் தேய்ப்பதுபோலத் தொடையில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான்.

"அது எங்க வூட்டு எருமைங்க."

முதுகு அசையவில்லை.

"ஏரி வத்துன வருஷம் எங்கப்பா அத வித்துட்டாரு. வாங்குனவன் பக்கத்தூரு கூரத்துக்கு ஓட்டிக்கினு போனான். கொஞ்ச நாள் கழிச்சுப் பாத்தா தாமல் கரைமேல நிக்குது. எஜமானைத் தேடி வந்துடுச்சுன்னு எல்லாரும் எங்கப்பாகிட்ட சொன்னாங்க. அவரு அழுதுட்டாரு. நான்தான் கிட்டப் போய்ப் பாத்தேன். அது எங்க வூட்டுப் பக்கம் திரும்பக்கூட இல்லீங்க. தண்ணி இருந்த எடத்தப் பாத்துக்கினு நின்னுது, அவ்ளோதான். அத எங்கப்பாகிட்ட நான் சொல்லல. அப்புறம் ஊர்ல யாரோ இப்படிப் பாட்டு கட்டிட்டாங்க. அவங்களும் கிட்டப் போய்ப் பாத்திருப்பாங்க போல." கொஞ்சம் நிறுத்தினான். "பிடிச்ச பாட்டான்னு கேட்டா எனக்குத் தெரியலீங்க. பிடிக்காம இருந்தா மறந்துபோயிருக்கும்."

எனக்கும் நம்பவேண்டும்போல் இருந்தது. நம்பத் துணியவில்லை. ஏனென்றால் இதே தாழ்ந்த குரலை, இதே இடத்தில் நிறுத்துவதை, இல்லாத தங்கையின் கல்யாணப் புடவைக்காக எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். தங்கையைப் படைத்தவனுக்கு எருமையைப் படைக்க எவ்வளவு நேரமாகும்? வாழ்நாள் முழுக்கப் பொய்க்கு வாடகைக்கு விட்ட குரலில் ஒருநாள் உண்மையே வந்து குடியேறினாலும் வாசலில் நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? அப்போதும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. தீர்மானிப்பதற்குள் அவனே எல்லாவற்றையும் கெடுத்தான்.

"ஐயாவுக்குத் திருப்திதானுங்களே?" என்றான்.

நான் இருமினேன். காலம் கடந்த இருமல்.

புலவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "இதை வேற எங்கயாவது சொன்னதுண்டா?"

"இல்லீங்க."

"அத்தனை வருஷம் மேடை ஏறினீரே, ஏன் சொல்லலே?"

"அதுக்கு ஏத்த ஆளு யாரும் வரலீங்க."

இந்தப் பதிலையும் இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளலாம். புலவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியாது. "நாளைக்குத் தபால் ஆபீஸ் திறந்ததும் கடைக்கு போன் போடறேன். இப்ப ஒண்ணும் சொல்லமாட்டேன். உம்மைப் பார்த்துக்கிட்டுச் சொன்னா நானும் உம்ம கடைக்கு வந்தவன் மாதிரி ஆயிடுவேன். போயிட்டு வாங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன். "அது நெசமாடா?"

களைத்துப்போன முகத்தோடு என்னைப் பார்த்தான். பழக்கம் விடவில்லை. "ஒனக்கு எப்படி வேணும் வாத்தியாரே?"

எனக்கு அவனை அடிக்கவேண்டும்போல் இருந்தது. பெண்ணை நினைத்துக் கையை மடக்கிக்கொண்டேன்.

மறுநாள் நான் மெட்ராஸுக்குப் போய் விமானம் ஏறவேண்டும். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, முடிவு தெரியாமல் போகப் பிடிக்காமல் கடையில் போய் உட்கார்ந்தேன். லுசாக்காவுக்குப் போய்விட்டால் இதன் முடிவும் தேவசகாயத்தின் மைத்துனர் வழியாகத்தான் வரும். என்ன சாயம் ஏறி வருமோ? முதலாளி கோயிலுக்குப் போயிருந்தார். டெலிபோன் அவர் மேஜைமேல், டயலுக்குப் பூட்டு போட்டு, கறுப்பாக உட்கார்ந்திருந்தது.

ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வந்திறங்கியது. கூறைப்புடவை எடுக்க வந்தவர்கள். தள்ளவேண்டியவை தள்ளப்பட்டன. காசிநாதனின் கண் அன்றைக்குச் சரியாக நிலைக்கவில்லை. பெண்ணின் அத்தைதான் முடிவு செய்கிறவள் என்று எனக்கே தெரிந்துவிட்டது. அவன் தாய்மாமனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். எப்படியோ மூன்றாவது புடவை வந்தது. நல்ல அரக்கு, கரையில் கெட்டி ஜரிகை. உதறித் தன் தோளில் போட்டுக்கொண்டான். கூட்டம் பேச்சை நிறுத்தியது.

கூறைப்புடவையை ஒருதரம் பிரித்துவிட்டால், அவர்கள் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லி, பிரித்தவனே தன் கையால் மடிக்கும்வரை அவன் எழுந்திருக்கக் கூடாது. நடுவில் எழுந்தால் கல்யாணத்துக்கு ஆகாது என்பார்கள். காஞ்சிபுரத்தில் எந்தக் கடையிலும் அதை மீறமாட்டார்கள்.

அத்தை ஜரிகையைத் தடவிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது. அந்தப் பச்சையும் மோசமில்ல. ஏம்பா, இதுல ஒனக்கு எது பிடிச்சிருக்குது?"

தினமும் கேட்கிற கேள்வி. தினமும் சொல்கிற பதில் அவன் வாயில் தயாராக இருந்திருக்கும். வாயைத் திறந்தான்.

டெலிபோன் அடித்தது. உள்ளூர்க்காரர்கள் கூப்பிடுகிற மாதிரி விட்டுவிட்டு அடிக்கவில்லை. வெளியூரிலிருந்து டிரங்க் கால் வரும்போது அடிக்கிற நீண்ட மணி.

அவன் அசையவில்லை. தோளில் அரக்கு, முழங்கையில் முந்தானை, வாய் பாதி திறந்தபடி. அத்தையின் முகத்தைப் பார்த்தான், மேஜையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். போய் எடு என்றானா, எடுக்காதே என்றானா? அத்தனை வருஷம் எல்லார் முகத்தையும் படித்தவனுடைய முகத்தில் எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. நான் பாதி எழுந்து, அப்படியே நின்றேன்.

"என்னாப்பா, கேட்டதுக்குப் பதில் காணோம்?" என்றாள் அத்தை.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.